ஒதுக்குவதும் ஒதுக்கிவைப்பதும்

தமிழில் 'ஒதுக்கு' என்கிற சொல் ரொம்ப விவரமான சொல். அறை ஒதுக்கினார்கள் என்றால் இடம் கொடுத்தார்கள் என்று அர்த்தம். ஊரைவிட்டு ஒதுக்கினார்கள் என்றால் இடத்தைப் பிடுங்கினார்கள் என்று அர்த்தம். கொடுப்பதற்கும் பிடுங்குவதற்கும் ஒரே சொல். அதனால் எந்த ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்தாலும் 'இது எந்த ஒதுக்கு?' என்று நம்ம சனங்களுக்குக் கேட்கத் தோன்றும். அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றை நான் அந்தக் கேள்வியோடுதான் வாசித்தேன்.

ஒவ்வொரு கோடையிலும் அங்கே பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளைகள் ஒரு தகவலுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். சேர்க்கை முடிந்துவிட்டது. இனி எந்த விடுதி? எந்த மாடி? அறையில் கூட இருக்கப்போவது யார்? யேல் பல்கலைக்கழகத்தில் இந்தக் காத்திருப்பு இன்னும் கனமானது. அங்கே 14 உறைவிடக் கல்லூரிகள் உண்டு. பாடம் நடத்துகிற கல்லூரிகள் அல்ல இவை, தங்கி வாழ்கிற கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி முற்றம், தனி நூலகம், தனிச் சாப்பாட்டுக்கூடம், தனிச் சின்னம். மாணவர் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இதில் ஒன்று அவருக்கு விழுந்துவிடும். படிப்பு முடிகிறவரை அவர் அந்தக் கல்லூரியின் ஆள். ஹார்வர்டில் முதலாண்டை மைய வளாகத்து விடுதிகளில் கழித்த பிறகுதான் 12 இல்லங்களில் ஒன்று கிடைக்கும். மார்ச் மாதத்தில் ஒருநாள் விடிகாலை மூத்த மாணவர்கள் கூட்டமாகக் கூச்சல்போட்டு வந்து கதவைத் தட்டிக் கடிதம் கொடுப்பார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இந்த ஏற்பாடு எட்வர்டு ஹார்க்னஸ் என்பவர் கொடுத்த ஸ்டாண்டர்டு ஆயில் பணத்தில் 1930-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது.

பழைய மாணவர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். எந்த இல்லத்தில் சாப்பாடு நல்லா இருக்கும், எந்த ஜன்னலில் ஆறு தெரியும், அறைத்தோழன் எப்படி உயிர்த்தோழன் ஆனான் என்று ஒரே இனிப்பு. இந்த எழுத்துகளில் எல்லாரும் ஒரே ஆவலோடு காத்திருப்பதாக ஒரு தோற்றம் இருக்கிறது. அது பொய். ஒரு பிள்ளை 'என்கூட யார் வருவாங்க?' என்று யோசிக்கிறது. இன்னொரு பிள்ளை 'என்னை யார் வேண்டாம்பாங்க?' என்று யோசிக்கிறது. இரண்டையும் 'ஆவல்' என்று ஒரே சொல்லில் கட்டிவிட்டால் இரண்டாவது பிள்ளை காணாமல் போய்விடும். அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று சில பிரதிகளைப் படித்துப் பார்ப்போம்.

முதல் பிரதி ஒரே ஒரு தீர்மானம். ஹார்வர்டின் தலைவராக 1909 முதல் 1933 வரை இருந்தவர் அபட் லாரன்ஸ் லோவெல். முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தங்கி ஒன்றாக உண்டால்தான் சனநாயகம் வளரும் என்று சொல்லி அவர் விடுதிகள் கட்டினார். 1914-இல் திறந்தார். அங்கே தங்குவது கட்டாயம் என்றார். ஆனால் கறுப்பின மாணவர்களுக்கு மட்டும் அந்த விடுதிகளில் இடமில்லை. யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க 1922-இல் முயன்றவரும் இவரே. அதே காலத்தில் ராஸ்கோ கான்கிளின் புரூஸ் என்பவரின் மகனுக்கு அறை மறுக்கப்பட்டது. தகப்பன் ஹார்வர்டில் சிறந்த மாணவராகத் தேறியவர். தாத்தா அமெரிக்க செனட் உறுப்பினராக இருந்தவர். படிப்பும் பதவியும் வந்தால் இழிவு போய்விடும் என்று நமக்கு உபதேசிப்பவர்கள் இந்த மூன்று தலைமுறையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கல்வியில் சம வாய்ப்பு தருவோம், ஒத்துவராத சமூக உறவுக்குள் இரண்டு இனத்தையும் தள்ளமாட்டோம் என்பது லோவெலின் வாதம்.

நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. 1923-இல் ஹார்வர்டின் நிர்வாகம் ஒரு விதி செய்தது. நிறத்தைக் காரணம் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்றது. அந்த மட்டில் வெற்றிதான். ஆனால் அதே வாக்கியத்தின் இன்னொரு பாதி, வெள்ளையரையும் கறுப்பரையும் சேர்ந்து வாழவும் சேர்ந்து உண்ணவும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. இந்த இலக்கணத்தைக் கவனியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சமமான பாதுகாப்பு தருவது போல வாக்கியம் நடிக்கிறது. வெள்ளையனோடு தங்கும்படி என்னைக் கட்டாயப்படுத்தாதே என்று எந்தக் கறுப்பு மாணவன் மனுக் கொடுத்தான்? இடம் கேட்டது ஒருவன், மறுத்தது இன்னொருவன். மறுத்தவனின் அருவருப்பை விதி 'உரிமை' ஆக்கிக் கொடுத்தது.

'சேர்ந்து உண்ணவும்' என்ற சொல் அங்கே ஏன் வந்தது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. படுக்கைக்கு அடுத்தபடி பந்திதான் சாதியின் கோட்டை. சென்னை ஐ.ஐ.டி.யின் விடுதி உணவகம் ஒன்றில் 2018 டிசம்பரில் சைவக்காரர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்த பிறகு கிழித்தார்கள். ஒட்டியவர்கள் ஹார்வர்டின் விதியைப் படித்திருக்கத் தேவையில்லை. யாரையும் விலக்கவில்லை, கட்டாயப்படுத்தாதே என்று மட்டும்தான் கேட்கிறோம் என்கிற அந்த நாக்கு அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கும்.

சரி, மறுக்கிற உரிமையைப் பிடுங்க என்ன வழி? குலுக்கல் என்பதுதான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த விடை. ஹார்வர்டில் முன்பு மாணவர்களே இல்லத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு இல்லம் கலைஞர்களுடையது, ஒன்று விளையாட்டு வீரர்களுடையது, ஒன்று பணக்கார வீட்டு வாரிசுகளுடையது என்று ஆகிப்போனது. 1996 முதல் முழுக் குலுக்கல் வந்தது. டியூக் பல்கலைக்கழகம், முதலாண்டு மாணவர்கள் முன்கூட்டியே அறைத்தோழரைப் பேசிவைத்துக்கொள்வதை 2018-இல் நிறுத்தியது. தேடிப் பிடிக்கிறவர்கள் தன்னைப் போன்றவரையே தேடிப் பிடிக்கிறார்கள் என்று சொல்லித்தான் நிறுத்தியது. நான் குலுக்கலின் பக்கம்தான். ஆதிக்கத்தில் இருப்பவனின் கையிலிருந்து அண்டை வீட்டுக்காரனைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை அது பறிக்கிறது. ஊரில் அப்படியொரு குலுக்கல் நடந்தால் எத்தனை தெருக்கள் இடிந்துவிழும் என்று யோசித்துப் பாருங்கள். யேலில்கூட, அப்பாவோ அண்ணனோ இருந்த கல்லூரியைக் கேட்டு வாங்கிக்கொள்கிற சலுகை இருந்துவந்திருக்கிறது. வாரிசுக்குக் குலுக்கலிலும் ஒரு பின்வாசல்.

ஆனால் குலுக்கலைப் புகழ்கிற ஆய்வுகளோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. குலுக்கலில் கறுப்பின அறைத்தோழரைப் பெற்ற வெள்ளை மாணவர்கள் பிற்பாடு இடஒதுக்கீட்டை ஆதரிப்பது கூடுகிறது, பிற இனத்தவரோடு பழகுவதும் கூடுகிறது என்று 2006-இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ' இதழில் ஒரு கட்டுரை வந்தது. நல்ல சேதிதான். வெள்ளைப் பையன் மனசு மாறினான். அவனை மாற்றுகிற வேலையை நாலு சுவருக்குள் ராவும் பகலும் செய்தானே ஒருத்தன், அவனுக்கு என்ன ஆச்சு? கேள்வி கேட்டால் பதில் சொல்லி, முடியைத் தொட்டுப் பார்த்தால் பொறுத்து, கிண்டலைச் சிரித்து விழுங்கி ஓர் ஆண்டை ஓட்டியிருப்பான். ஒருவன் படிக்க வந்தான், இன்னொருவன் பாடப்புத்தகமாக வந்தான். 'கலந்து பழகுதல்' என்று எழுதுகிறவர்கள் இந்த வேலையைக் கணக்கில் எழுதுவதில்லை.

இங்கேதான் 'ஒதுக்கு' என்பதன் மூன்றாவது உறவுக்காரச் சொல் வருகிறது: ஒதுங்குதல். மழைக்கு ஒதுங்குகிறோம். ஹார்வர்டில் குலுக்கலுக்கு முன் கறுப்பின மாணவர்கள் மைய வளாகத்திலிருந்து தள்ளியிருந்த குவாட் பகுதி இல்லங்களில் கணிசமாகச் சேர்ந்து தங்கினார்கள். 1996-இன் குலுக்கல் அவர்களையும் சேர்த்துக் கலைத்துப்போட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1969 ஏப்ரலில் கறுப்பினப் பெண்கள் தங்கியிருந்த வாரி இல்லத்தின் வாசலில் சிலுவை கொளுத்தப்பட்டது. கறுப்பின மாணவர்கள் ஒரு கட்டடத்தையே கைப்பற்றிப் போராடினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1972-இல், 'உஜாமா' என்ற உறைவிடக் கல்லூரி அங்கே உருவானது. இதைப் 'பிரிவினை' என்று குற்றம் சொன்னவர்கள் உண்டு. வாசலில் நெருப்பு வைக்கிறவன் தனியாக இருப்பதும், நெருப்புக்குப் பயந்தவர்கள் சேர்ந்து இருப்பதும் ஒன்றா? ஆதிக்கம் செய்கிறவன் கதவை மூடினால் அது ஒதுக்குதல். அடிபட்டவன் கதவை மூடினால் அது ஒதுங்குதல். நம்முடைய ஆதிதிராவிடர் நல விடுதிகளைப் பற்றி 'இன்னும் எதுக்குத் தனி விடுதி?' என்று கேட்கிற பெரிய மனிதர்களுக்கும் இதுதான் பதில். பொது விடுதியில் எங்கள் பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும், அப்புறம் பேசலாம்.

இரண்டாவது பிரதி, மிஷேல் ஒபாமா 2018-இல் வெளியிட்ட தன்வரலாறு. 1981-இல் அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்தார். அறையில் கூட இருந்த வெள்ளைப் பெண் ஒருத்தி ஆண்டின் பாதியில் வேறு அறைக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று மிஷேலுக்கு அப்போது தெரியாது. மகளின் அறையில் ஒரு கறுப்பினப் பெண் இருப்பது பிடிக்காமல், அறையை மாற்று என்று அந்தப் பெண்ணின் தாய் நச்சரித்த விவரம் 2008-இல்தான், அந்தத் தாயே பத்திரிகைக்குச் சொல்லித்தான், வெளியே வந்தது. பத்திரிகைகள் அதை ஒரு மனமாற்றக் கதையாகக் கொண்டாடின. பாருங்கள், அம்மா திருந்திவிட்டார்! எனக்கு அந்த அம்மாவின் திருந்தல் முக்கியமில்லை. ஒதுக்கீடு விழுந்த பிறகும் ஒதுக்குவதற்கு வழி இருந்தது என்பதுதான் முக்கியம். பட்டியல் போடும்போது சமத்துவம், பட்டியல் ஒட்டிய மறுநாள் 'அட்ஜஸ்ட்மெண்ட்'.

இந்தச் சொல் நான் படித்த விடுதியில் கேட்டது. எந்தக் கல்லூரி என்று சொல்லத் தேவையில்லை, பல கல்லூரிகளுக்கும் பொருந்தும். அறிவிப்புப் பலகையில் அகரவரிசைப்படி அறைப் பட்டியல் ஒட்டினார்கள். ரெண்டு நாளில் மேல்மாடி ஓரத்து நாலு அறைகளில் எங்க பிள்ளைங்க மட்டும் இருந்தோம். யாரும் எங்களைப் போ என்று சொல்லவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருத்தராகக் 'காத்து வரலை', 'ஊர்க்காரன் ரூம் கிடைச்சிடுச்சு' என்று பெட்டியைத் தூக்கினார்கள். வார்டன் கேட்டதெல்லாம் கையெழுத்து ஒன்றுதான். எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்காமல் விடுதியின் குறிப்பிட்ட மாடிகளுக்கு ஒண்டிப்போனதை 2007-இல் தோரட் குழு அறிக்கையாக எழுதியபோது, அந்த ஓரத்து அறைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

அறைக்குள் ஆள் பிரச்சினை தீர்ந்தாலும் வாசலில் பெயர்ப் பிரச்சினை இருக்கிறது. யேலில் 1933-இல் திறந்த கல்லூரிகளில் ஒன்றுக்கு ஜான் கால்ஹூனின் பெயர் வைத்தார்கள். அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவர், யேலில் படித்தவர். அடிமைமுறை தீமையல்ல, நன்மைதான் என்று 1837-இல் செனட்டில் பேசியவர். குலுக்கலில் அந்தக் கல்லூரி விழுந்த கறுப்பினப் பிள்ளை நான்கு ஆண்டும் 'நான் கால்ஹூன்காரன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கூடத்து வண்ணக்கண்ணாடி ஜன்னலில் பருத்திக் கூடை சுமக்கும் அடிமைகளின் படம். 2016 ஏப்ரலில் பல்கலைக்கழகத் தலைவர், பெயரை மாற்றப்போவதில்லை, வரலாற்றை அழிக்கக் கூடாது என்று அறிவித்தார். அந்த ஜூன் மாதம், அங்கே வேலை செய்த ஒரு கறுப்பினத் தொழிலாளி துடைப்பக் கழியால் அந்தக் கண்ணாடியை உடைத்தார். கைது செய்தார்கள், வேலை போனது. எதிர்ப்பு வந்ததும் வழக்கைக் கைவிட்டு வேறு இடத்தில் வேலை கொடுத்தார்கள். 2017 பிப்ரவரியில் கால்ஹூன் பெயர் போய், கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் பெயர் வந்தது. இதைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் குழு அறிக்கைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. அந்தத் துடைப்பத்துக்கு ஒரு பத்தி. என் கணக்கில் அந்த ஆண்டின் சிறந்த விமர்சனப் பிரதி அந்தத் துடைப்பம்தான். தினமும் அந்தப் படத்தின் கீழே நின்று தட்டு கழுவியவரின் வாசிப்பு அது.

2017-இல் யேல் இரண்டு புதுக் கல்லூரிகளைத் திறந்தது. ஒன்று பாலி முர்ரே பெயரில். 1938-இல் நிறத்தைக் காட்டி வட கரோலினா பல்கலைக்கழகம் சேர்க்க மறுத்த கறுப்பினப் பெண் அவர், பிற்பாடு யேலில் சட்ட முனைவர். இன்னொன்று பெஞ்சமின் பிராங்க்ளின் பெயரில். அடிமைகளை வைத்திருந்தவர், வயதான காலத்தில் அடிமைமுறையை எதிர்த்தவர். ஒரு கையால் கொடுத்து மறு கையால் சமன் செய்கிற வித்தை எல்லா நிர்வாகத்துக்கும் தெரியும்.

மொத்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கே நம் கடற்கரைக்கு ஒரு கணக்கு உண்டு. எலிஹூ யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். இங்கிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய நிர்வாகத்தில் அவருக்குப் பங்கு உண்டு. இங்கே சேர்த்த செல்வத்திலிருந்து 1718-இல் ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகமும் அரசரின் படமும் அந்தக் கல்லூரிக்கு அனுப்பினார். பெயர் நிலைத்துவிட்டது. தன் அடிமைமுறைத் தொடர்புகளுக்கு யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. கோட்டையிலிருந்து கப்பலேறியவர்களின் பெயரில் அங்கே ஒரு மாடிப்படிகூட இல்லை.

மூன்றாவது பிரதி நம்முடையது. அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது முதலில் ஹார்ட்லி ஹால் விடுதியில் இறங்கினார். பிறகு இந்திய மாணவர்கள் இருந்த காஸ்மாபாலிடன் கிளப். பிறகு நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு லிவிங்ஸ்டன் ஹாலில் அறை. அந்த நட்பு கடைசிவரை நிலைத்தது. 1917-இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் கொடுத்து ஒளிந்து தங்கினார். ஒரு லாந்தர் வெளிச்சம், கூடம் முழுக்கக் குப்பை, வௌவால். பதினோராம் நாள் கம்போடு ஒரு டஜன் பார்சிகள் வந்து வெளியேற்றினார்கள். ஓர் இந்து நண்பரிடமும் ஒரு கிறித்தவ நண்பரிடமும் இடம் கேட்டார். இரண்டு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் எழுதி 1990-இல் நூலாக வந்த பிரதியில் இது இருக்கிறது. வெளிநாட்டில் கழிந்த ஐந்தாண்டு, தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டிருந்தது என்று அதில் சொல்கிறார்.

இதை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் 'அமெரிக்கா நல்லது, இந்தியா கெட்டது' என்று முடித்துக்கொள்கிறார்கள். அறைகளை வைத்துப் படித்தால் அப்படி முடியாது. கூட இருந்தவரும் பார்சி, கம்போடு வந்தவர்களும் பார்சி. ஆகவே ஆள் நல்லவரா கெட்டவரா என்பது விஷயமல்ல. அடுத்து, கொலம்பியாவின் தெற்கு மைதானத்துக்குக் கிழக்கே லிவிங்ஸ்டன் ஹால், மேற்கே ஃபர்னால்டு ஹால். 1924-இல் ஃபர்னால்டில் ஒரு கறுப்பினச் சட்ட மாணவர் தங்கியிருந்தார் என்பதற்காக அந்த மைதானத்தில் சிலுவை கொளுத்தினார்கள். அம்பேத்கர் நிம்மதியாகத் தூங்கிய அறையிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ஊரின் சாதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். வேறு ஒருத்தன் பெயர் இருந்தது. நமக்கு அறை கிடைத்த இடத்தில் யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்ப்பதும் தலித் வாசிப்பின் கடமை.

இப்போது அந்தப் பட்டியலில் நம் பெயரும் ஏறியிருக்கிறது. இங்கிருந்து போகிறவர்கள் சாதியையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோகிறார்கள். அறைக்கு ஆள் தேடும்போது 'சுத்த வெஜிடேரியனா?', 'முழுப் பேர் என்ன?', 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்று கேட்பது சும்மா பேச்சுக்காகவா? பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இல், டேவிஸ் வளாகத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2021-இல், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில், பிரவுன் 2022 டிசம்பரில் தங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. தலித் மாணவர்கள் வாயைத் திறந்ததால் வந்தவை இவை. 'எங்களைக் குறிவைக்கிறார்கள்' என்று அலறியவர்கள் யார் என்று பார்த்தாலே விதி தேவையா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

வெளியேற்றுவதற்குக் கம்பு வேண்டாம், கடிதமே போதும் என்பதை ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் காட்டியது. ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து விலக்கப்பட்டார்கள். வளாகத்திலேயே கூடாரம் போட்டு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அதற்குச் சேரி என்று அர்த்தம். அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். விடுதி அறை சின்ன விஷயம் என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

ஆகவே கடிதத்துக்குக் காத்திருக்கிற முதலாண்டுப் பிள்ளைகள், எந்த நாட்டில் இருந்தாலும், எந்த இல்லம் என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். இந்த ஒதுக்கீட்டை மறுக்க யாருக்கு உரிமை இருக்கிறது? மறுத்தால் பெட்டியைத் தூக்க வேண்டியவர் யார், எந்த அறைக்கு? காரணத்தைக் காகிதத்தில் எழுதச் சொல்வார்களா, வெறும் கையெழுத்தோடு விட்டுவிடுவார்களா? எழுதச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. 'இவள் கறுப்பு என்பதால்', 'இவன் இன்ன சாதி என்பதால்' என்று ஒருத்தன் தன் கைப்பட எழுதட்டும். எழுதக் கூச்சப்பட்டால் அந்த அறையிலேயே இருக்கட்டும். எழுதினால், வெளியேற வேண்டியது அவன். நாம் அல்ல.